வால் எலும்புப் பக்கம் சிவப்பு: படுக்கைப் புண்ணா, பெம்பர்ஸ் புண்ணா?

மருமகள்_ஆயர்ஈத்தாம்:

வணக்கம். பினாங்கில் எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கும் மாமியாருக்கு 83 வயது, எடை 44 கிலோ. பக்கவாதத்தால் வலப்பக்கம் அசைவில்லை, தானாகப் புரண்டு படுக்க முடியாது. நீரிழிவு உண்டு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. சாப்பாடு வாய் வழியாகத்தான், கஞ்சி மாதிரி குழைத்துக் கொடுக்கிறோம். இரவும் பகலும் பெம்பர்ஸ் (பெரியவர்களுக்கான டயப்பர்).

நான்கு நாளாக வால் எலும்புக்கு மேல் 50 சென் காசு அளவில் ஒரு கருஞ்சிவப்பு. அது தவிர பிட்டம் இரண்டிலும், தொடை இடுக்கு வரைக்கும் தோல் சிவந்து ஈரமாக மினுங்குகிறது. சில இடத்தில் மேல்தோல் உரிந்திருக்கிறது. துடைக்கும்போது முகம் சுளிக்கிறார்.

இப்போது செய்வது: காலையும் மாலையும் வெந்நீர், டெட்டால் சோப். துடைத்ததும் பவுடர், அதன் மேல் ஜிங்க் கிரீம் தடிப்பாக. பெம்பர்ஸ் நாளுக்கு நான்கு. புரட்டுவது மூன்று வேளை, சாப்பாட்டு நேரத்தை ஒட்டி. போன வாரம் ரிப்பிள் மெத்தை (பம்பு வைத்த காற்று மெத்தை) வாங்கினோம். அதன் மேல் ரப்பர் விரிப்பு, மடித்த போர்வை, அதற்கு மேல் படுக்கை விரிப்பு. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வைத்திருக்கிறோம்.

எந்தக் கிரீம் நல்லது? தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் போடலாமே என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பணிப்பெண்ணுக்கும் விளக்கிச் சொல்கிற மாதிரி யாராவது விவரமாக எழுதினால் பெரிய உதவி.

தாதி_காயப்பிரிவு:

சகோதரி, கிரீமைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கிரீமைத் தேடினால் தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகிவிடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அங்கே இருப்பது ஒரு புண் இல்லை, இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

வால் எலும்பு மேல் காசு மாதிரி ஓரம் தெளிவாக இருக்கிறதே, அது அழுத்தத்தால் வந்த படுக்கைப் புண்ணாக இருக்கலாம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்தம் ஓடாமல் வருவது. பிட்டம், தொடை இடுக்கு எல்லாம் பரவி, ஓரம் தெரியாமல், ஈரமாக மினுங்குவது சிறுநீரும் மலமும் பட்டு வெந்த தோல். அழுத்தப் புண்ணுக்கு எவ்வளவு கிரீம் பூசினாலும் ஆறாது. அந்த இடத்தை மெத்தையிலிருந்து விலக்கினால்தான் ஆறும். வெந்த தோலுக்கு எவ்வளவு புரட்டினாலும் போதாது. ஈரத்தை விலக்க வேண்டும்.

பிரித்துப் பார்க்க ஒரு சோதனை. அவரைப் பக்கவாட்டில் 30 நிமிடம் படுக்க வையுங்கள். பிறகு அந்தக் கருஞ்சிவப்பை விரலால் 3 விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது, இப்போதே கவனித்தால் மீளும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது அழுத்தப் புண்ணின் முதல் நிலை. தோல் திறக்காவிட்டாலும் கணக்கு அதுதான். நம்மவர்களின் மாநிறத் தோலில், கறுத்த தோலில் இந்த வெளுப்பு சரியாகத் தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடா, குளிர்ச்சியா? விரலால் தடவுங்கள்: கெட்டியா, கொழகொழவென்றா? தொட்டால் வலிக்கிறதா? ஊதா அல்லது கத்தரிப்பூ நிறத்துக்குப் போனால் அடியில் சதை ஏற்கெனவே சேதமாகியிருக்கலாம். அது அழுத்தம் நடந்து 2, 3 நாள் கழித்துத்தான் மேலே தெரியும். அப்படி இருந்தால் காத்திருக்காமல் கிளினிக்குக் காட்டுங்கள்.

வெந்த தோல் ஏன் வெந்தது? தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத் தன்மை கொண்டது, பிஎச் 4.5 முதல் 5.5 வரை. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக்கும்போது அது காரமாக ஏறுகிறது. ஏறியதும் மலத்தில் உள்ள செரிமான நொதிகள் விழித்துக்கொண்டு தோலையே செரிக்கத் தொடங்கும். நீங்கள் பயன்படுத்தும் சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10 என்று இருக்கும். அதாவது கழுவக் கழுவ அதே திசையில்தான் தள்ளுகிறீர்கள். முதியவர்களுக்கு மேல்தோல் மெலிந்து, எண்ணெய்ச் சுரப்பும் குறைந்திருக்கும். டெட்டால், வெந்நீர், தேய்த்துத் துடைப்பது மூன்றையும் இன்றே நிறுத்துங்கள்.

இனிமேல் கழுவும் முறை: முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியாத அளவு வெதுவெதுப்பான நீர். சோப்புக்குப் பதில் வாசனை இல்லாத, பிஎச் 5.5 என்று போட்ட திரவக் கிளென்சர். கழுவி அலச வேண்டாத நுரை வகையும் மருந்தகத்தில் கிடைக்கும். மலம் காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டாமல், பேபி எண்ணெய் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அதன் மேல் வைத்தால் இளகி வந்துவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணி இதற்குப் பொன்னானது. டவல் வேண்டாம், டாய்லெட் பேப்பர் வேண்டவே வேண்டாம். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின் நோக்கி. பிறகு ஒற்றி எடுத்து, 2 நிமிடம் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். பினாங்குக் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு இந்த 2 நிமிடம் அவசியம். ஹேர் டிரையர் கூடாது. உணர்ச்சி குறைந்த தோலில் சூடு பட்டதே தெரியாது.

பெம்பர்ஸ் நான்கு போதாது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள், மலம் என்றால் அந்த நிமிடமே. பகலில் படுத்திருக்கும் நேரத்தில் பெம்பர்ஸை ஒட்டாமல், அடியில் விரித்து மட்டும் வைக்கலாம். அடைபட்ட சூடு குறையும். இரண்டு பெம்பர்ஸை அடுக்கிப் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். நிரம்பிய முதல் பெம்பர்ஸ் தோலோடு ஒட்டித்தான் இருக்கும், தடிமனும் சூடும்தான் கூடும். நனைவதைக் குறைக்கத் தண்ணீரைக் குறைப்பதும் கூடாது. கெட்டியான சிறுநீர்தான் இன்னும் எரிக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். மலம் தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறதா? நாள் கணக்கில் சரியாகப் போகாமல் இப்படிக் கசிந்தால் அது வயிற்றுப்போக்கு இல்லை. உள்ளே கெட்டிப்பட்டு அடைத்த மலத்தைச் சுற்றி வழிகிறது. அதற்குப் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் இன்னும் மோசமாகும். டாக்டர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பிசியோ_பட்டர்வொர்த்:

மெத்தையைப் பற்றி நான் சொல்கிறேன். ரிப்பிள் மெத்தையின் வேலையே காற்றறைகள் மாறி மாறி ஊதி, தோலில் அழுத்தம் படும் இடத்தை மாற்றுவது. பல பம்புகளில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதன் மேல் ரப்பர், போர்வை, விரிப்பு என்று மூன்று அடுக்கு போட்டால் அந்த அசைவு தோலுக்குப் போய்ச் சேராது. ரப்பர் வியர்வையையும் பிடித்து வைக்கும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு, இழுத்துச் செருகாமல் தளர்வாக. வேண்டுமானால் காற்றுப் புகும் அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு) ஒன்று. அவ்வளவே.

பம்பில் எடைத் திருகு இருக்கும். 44 கிலோ பக்கம் வையுங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று 80-க்கு ஏற்றி வைப்பவர்கள் அதிகம், அப்போது அது பலகை. குறைவாக வைத்தால் நடுவில் அமுங்கி அடி தட்டும். சரியா என்று பார்க்க, அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது காற்று மெத்தைக்கும் அடி மெத்தைக்கும் நடுவில், வால் எலும்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேல் நோக்கி இருக்கும்படி கையை நுழையுங்கள். உங்கள் கைக்கும் அவர் உடம்புக்கும் இடையே குறைந்தது 2.5 சென்டிமீட்டர் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. இதை வாரம் ஒரு முறையும் மின்சாரம் போய் வந்த பிறகும் செய்யுங்கள்.

வளையத் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். ஓட்டைக்கு நேரே இருக்கும் தோல் தப்பிப்பதாகத் தோன்றும்; வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்தக் குழாய்களை நெரிப்பதால் நடுவில் இருக்கும் தோலுக்குத்தான் ரத்தம் போகாது. குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் இதே ரகம்.

புரட்டுவது 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. வால் எலும்பு சிவந்திருக்கும் வரை மல்லாக்கப் படுக்க வைப்பதைத் தவிருங்கள். இடம், வலம், இடம், வலம். முழுதாக 90 பாகை ஒருக்களித்தால் இடுப்பெலும்பு முட்டில் அடுத்த புண் வரும். 30 பாகை சாய்வு போதும். முதுகுக்குப் பின்னால் தோள் முதல் இடுப்பு வரை நீளமாக ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. பிறகு வால் எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எதிலும் படாமல் தொங்க வேண்டும். செயலிழந்த வலப்பக்கம் கீழே இருக்கும்போது தோள்பட்டையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வையுங்கள், அந்தப் பக்கம் நேரத்தையும் குறையுங்கள். அவருக்கு அங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் போகலாம்.

குதிகாலை மறக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை தலையணையை நீளவாக்கில் வைத்தால் குதிகால் காற்றில் நிற்கும். அடியில் ஒரு தாளை இழுத்தால் தடங்காமல் வர வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் குதிகால் புண் ஆற மாதக்கணக்காகும்.

தலைமாட்டை 30 பாகைக்கு மேல் உயர்த்துவது சாப்பாட்டுக்கு மட்டும். அப்போதும் முதலில் முழங்காலை மடக்கி அடியில் தலையணை கொடுத்து, பிறகுதான் தலைமாட்டை உயர்த்த வேண்டும். மாற்றிச் செய்தால் உடம்பு கீழே சறுக்கும். எலும்பு சறுக்கும், தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், நடுவில் ரத்தக் குழாய் முறுகும். பல படுக்கைப் புண்கள் இப்படிச் சறுக்கியும் வருபவை. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து இறக்கிவிடுங்கள்.

மேலே ஏற்றும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்கக் கூடாது. ஒரு கைலியை இரண்டாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரியுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கி நகர்த்துங்கள். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். பணிப்பெண் தனியாக இருக்கும் நேரத்தில் ஏற்ற வேண்டாம், பக்கவாட்டில் புரட்டினால் போதும்.

மருமகள்_ஆயர்ஈத்தாம்:

இருவருக்கும் நன்றி. வளையத்தையும் ரப்பரையும் எடுத்துவிட்டோம். எடைத் திருகு 100-ல் இருந்தது!

அழுத்திப் பார்த்தேன். காசு அளவு சிவப்பு வெளுக்கவில்லை. பக்கத்தைவிடச் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. தோல் திறக்கவில்லை, ஊதா நிறமும் இல்லை. பிட்டத்துச் சிவப்பு வெளுத்துத் திரும்புகிறது. ஆனால் தொடை இடுக்கில் சிவப்பின் ஓரத்தைத் தாண்டி, தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மலம் தினமும் போகிறது, கசிவு இல்லை.

இன்று காலை இன்னொரு சிக்கல். தூக்கி உட்கார வைத்தபோது இடது முன்கையில் தோல் கிழிந்துவிட்டது. சுமார் 3 சென்டிமீட்டர், 'வ' மாதிரி மடிந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரத்தம் நிற்க நேரமாயிற்று. இப்போது சுத்தமான துணி சுற்றியிருக்கிறோம். அந்தத் தோலை வெட்டி எடுக்கலாமா?

தாதி_காயப்பிரிவு:

வெட்டாதீர்கள். அந்த மடிந்த தோல்தான் இப்போது இருப்பதிலேயே நல்ல கட்டு.

வயதானால் மேல்தோலும் அடித்தோலும் பற்களைப் போலக் கோத்துக்கொண்டிருப்பது தட்டையாகிவிடும். அதனால்தான் ஒரு இழுப்பில் காகிதம் மாதிரி உரிகிறது. செய்ய வேண்டியது: வார்ஃபரின் எடுப்பவர் என்பதால் கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, சுத்தமான காஸ் துணி வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. 15 நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நின்றதும் 0.9% உப்புநீரால் மெதுவாகக் கழுவி, உறைந்த ரத்தத்தை நீக்குங்கள். மடிந்த தோல் காய்ந்து சுருண்டிருந்தால் உப்புநீரில் நனைத்த காஸை 5, 10 நிமிடம் வைத்தால் இளகும். பிறகு நனைத்த பஞ்சுக் குச்சியை உருட்டியபடி, தோலை அதன் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். பாய் விரிப்பது போல, இழுக்காமல். முழுதும் மூடவில்லை என்றாலும் இழுத்து மூட வேண்டாம்.

மேலே சிலிக்கான் கட்டு, ஒட்டாத வகை. மூடிய தோல் எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து திறந்த பக்கம் நோக்கி, கட்டின் மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போடுங்கள். கட்டை எடுக்கும்போது அந்தத் திசையில்தான் உரிக்க வேண்டும். எதிர்த் திசையில் எடுத்தால் ஒட்டிய தோல் மறுபடி எழுந்து வந்துவிடும். பணிப்பெண், மகன், கிளினிக் தாதி யார் மாற்றினாலும் அந்த அம்பு பேசும். நனையாமலும் நாற்றம் இல்லாமலும் இருந்தால் 5 முதல் 7 நாள் தொடவே வேண்டாம். சாதாரண பிளாஸ்டர், கண்ணாடி போன்ற ஒட்டுப் படலம் இரண்டும் கூடாது. அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, வீட்டில் இருக்கும் மஞ்சள் நிறப் புண் மருந்து எதுவும் அந்தத் தோலுக்கு அடியில் போகக் கூடாது. தோல் கருத்துப்போனாலும், அடியில் ரத்தம் கட்டி உப்பினாலும், காயம் ஆழமாக இருந்தாலும் கிளினிக். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கிழியாமலிருக்க: பார்ப்பவர் கையில் வளையல், கல் வைத்த மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அவருக்கு முழுக்கை மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். கட்டில் கம்பியிலும் சக்கர நாற்காலியின் கால் தட்டிலும் துணி சுற்றுங்கள். கையை விரல்களால் பிடித்து இழுக்காமல், இரண்டு உள்ளங்கைகளில் தாங்குங்கள். வலுவிழந்த வலக் கையைப் பிடித்து அவரைத் தூக்க வேண்டாம்.

வால் எலும்பைப் பற்றி: வெளுக்கவில்லை, சூடு, கெட்டி, திறக்கவில்லை. இது முதல் நிலை. மேலே பிசியோ சொன்னதை அப்படியே செய்யுங்கள். அந்த இடத்தை மசாஜ் செய்யாதீர்கள். ரத்த ஓட்டம் வரட்டும் என்று தேய்ப்பார்கள், அடியில் நைந்த சதை இன்னும் நையும். தொடை இடுக்கில் தனிப் புள்ளிகள் என்றீர்களே, அது காளான் தொற்றின் அடையாளம். நீரிழிவும் ஈரமும் சேர்ந்தால் வருவது சகஜம். மருந்தைப் பற்றி மருந்தாளர் யாராவது சொல்லட்டும், வார்ஃபரின் இருப்பதால்.

மருந்தாளர்_ஜெலுத்தோங்:

ஆமாம், வார்ஃபரின் எழுதியதைப் பார்த்ததும் நிறுத்திப் படித்தேன். காளானுக்கு மருந்தகத்தில் மைக்கோனசோல் எடுத்துக் கொடுப்பார்கள். மைக்கோனசோல் வார்ஃபரினின் வேகத்தை ஏற்றிவிடும். வாயில் தடவும் ஜெல்தான் மிகவும் ஆபத்து; உரிந்த தோலில் பூசும் கிரீமையும் நான் கொடுக்க மாட்டேன். க்ளோட்ரிமசோல் 1% கேளுங்கள். நாளுக்கு இரண்டு வேளை, மெல்லிசாக, சிவப்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை. மறைந்த பிறகும் 2 வாரம் பூசுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும். ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகம்) பரிசோதனைக்குப் போகும்போது இதைப் பூசுவதாகச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும்.

மூன்று மருந்து கலந்த கிரீம் ஒன்று எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கும்: காளான் மருந்து, ஆன்டிபயாட்டிக், வலுவான ஸ்டீராய்டு. இரண்டு நாளில் சிவப்பு மறைவதால் நல்ல மருந்து என்று பேர் வாங்கிவிட்டது. ஸ்டீராய்டு ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலிய வைக்கும், பெம்பர்ஸ் மூடியிருப்பதால் உள்ளேயும் அதிகம் இறங்கும். டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். மாமியார் கையில் கோடாலித் தைலமும் தேய்க்கிறீர்களா? அதில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக இறங்கி வார்ஃபரினோடு சேர்ந்து ரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடியது. தைலம், வலி நிவாரணப் பிளாஸ்டர் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஜிங்க் கிரீம். பொருள் தவறில்லை, பூசும் விதம்தான். பவுடரின் மேல் கிரீம் போட்டால் அது தோலில் ஒட்டாது, பவுடர் ஈரத்தில் மாவு உருண்டையாகி மடிப்பில் உராயும். பவுடரை மொத்தமாக விடுங்கள். கிரீம் தடிப்பாகப் போட்டால் பெம்பர்ஸின் மேல் படிந்து, அது சிறுநீரை உறிஞ்ச விடாது. அதனால் மெல்லிய வெள்ளைப் படலம் போதும். அழுக்கானால் மேல் அடுக்கை மட்டும் துடைத்து எடுத்து, அடியில் இருக்கும் வெள்ளையை விட்டு, அதன் மேலேயே பூசுங்கள். நாளுக்கு ஒரு முறை பேபி எண்ணெய் கொண்டு முழுதும் எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும். மேல்தோல் உரிந்து நீர் கசியும் இடத்தில் எந்தக் கிரீமும் பிடிக்காது. அங்கே எரிச்சல் தராத தடுப்புப் படல ஸ்ப்ரே, கவிலான் மாதிரி. அடித்து 30 விநாடி காயவிட்டு, பிறகு பெம்பர்ஸ். படலத்தின் மேல் ஜிங்க்கோ வாசலினோ பூசினால் பெம்பர்ஸ் நன்றாக உறிஞ்சாது. காளான் உள்ள இடத்தில் வரிசை: முதலில் க்ளோட்ரிமசோல், 10 நிமிடம், பிறகு ஜிங்க்.

தேங்காய் எண்ணெய் கிழியாத, வறண்ட கை காலுக்கு நல்லது. வாசனை சேர்க்காதது, குளித்த ஈரத்தோடு. மடிப்புகளிலும் புண்ணிலும் வேண்டாம். ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பை வலுவிழக்கச் செய்வதாக ஆய்வில் தெரிந்தது, அதை விட்டுவிடலாம். மஞ்சள் வேண்டவே வேண்டாம்: தாதி சொன்னாரே, புண்ணை மதிப்பிட நிறத்தையும் பார்க்க வேண்டும் என்று. மஞ்சள் பூசிய தோலில் எதுவும் தெரியாது.

அரசாங்க கிளினிக்கில் பெரிய டப்பாவில் அக்குவஸ் கிரீம் கொடுப்பார்கள். அதைச் சோப்புக்குப் பதிலாகக் குழைத்துப் பூசிக் கழுவிவிடுங்கள், கழுவாமல் விடாதீர்கள். பல தயாரிப்புகளில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற, சோப்பு போன்ற வேதிப்பொருள் இருக்கிறது. கழுவாமல் தோலில் விட்டால் எரிச்சல் தரக்கூடும், குறிப்பாக எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு, என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது. லேபிளில் அந்தப் பெயர் இல்லாத வகை என்றால் பூசி விடலாம்.

மாய்ஸ்சரைசர் கணக்கு: விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம். கை ஒன்றுக்கு நான்கு விரல்நுனி, கால் ஒன்றுக்குப் பாதத்தோடு எட்டு. இரண்டு கை, இரண்டு காலுக்கு 24 விரல்நுனி, அதாவது 12 கிராம். நாளுக்கு இரு முறை என்றால் 24 கிராம், 500 கிராம் டப்பா மூன்று வாரம் வரும். டப்பா மூன்று மாதம் வந்தால் குறைவாகப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். குளித்து 3 நிமிடத்துக்குள், முடி படிந்திருக்கும் திசையில், தேய்க்காமல் தடவ வேண்டும். கால்விரல் இடுக்குகளில் வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு இரு முறை கை கால்களில் மாய்ஸ்சரைசர் பூசியவர்களுக்குத் தோல் கிழிவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முன்கை மறுபடி கிழியாமலிருக்க உண்மையான மருந்து இதுதான்.

பாரஃபின் கலந்த கிரீம், வாசலின் பூசிய துணியும் போர்வையும் எளிதில் தீப்பற்றும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. சாமி விளக்கு, சாம்பிராணித் தட்டு, சிகரெட் எதுவும் கட்டிலுக்கு அருகில் வரக்கூடாது.

உணவியல்_செந்தூல்:

குழைத்த கஞ்சி என்றதும் இதை எழுதுகிறேன். அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணத்தில் 3, 4 கிராம் புரதம்தான். அழுத்தப் புண் உள்ளவருக்குக் கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வேண்டும்; 44 கிலோவுக்கு நாளுக்கு 55 முதல் 66 கிராம். வெறும் கஞ்சியில் அதை எட்டவே முடியாது. அதே கஞ்சியில் சேர்த்துவிடுங்கள்: முட்டை இரண்டு 12 கிராம், பால் இரண்டு குவளை 13 கிராம், முள் எடுத்து மசித்த மீன் 90 கிராம் சேர்த்தால் 18, வெந்த பருப்பு 100 கிராமில் 9, மென்மையான தௌஃபூ 100 கிராமில் 8. மொத்தம் 60. நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், ஒரே தடவையில் அவரால் முடியாது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த அளவு பொருந்தாது, முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அதில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினோடு மோதும். வாரா வாரம் ஒரே அளவு. குடிக்கும்போது இருமினால் கெட்டிப்படுத்தும் பவுடர் பற்றிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். சர்க்கரை அளவு ஏறியே இருந்தால் எந்தக் கட்டும் புண்ணை ஆற்றாது.

மருமகள்_ஆயர்ஈத்தாம்:

எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டப்போகிறேன். கடைசியாக ஒன்று: வீட்டிலேயே பார்ப்பது எதுவரை? எந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

தாதி_காயப்பிரிவு:

காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், கெட்ட நாற்றம், தோல் கருத்துப்போவது, தொட்டால் தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று இருப்பது போல உணர்வது, வழக்கத்தைவிடத் தூக்கமாகவோ குழப்பமாகவோ இருப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. பள்ளமாகிக் கொழுப்போ வெள்ளையாக எலும்போ தெரிந்தாலும் அப்படியே. முதல் நிலைச் சிவப்பு, அழுத்தம் முழுதாக விலகினால் சில நாளில் மங்கத் தொடங்க வேண்டும். மங்காவிட்டால், அல்லது கொப்புளமாகித் திறந்தால், கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) போங்கள். வீட்டுக்கே வந்து கட்டு மாற்றும் டொமிசிலியாரி சேவை உங்கள் பகுதிக் கிளினிக்கில் உண்டா என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே பரிந்துரை வாங்கிக்கொண்டால் எளிது.

சுவரில் ஒட்டும் தாளில் அறிவுரையைவிட மணிக்கணக்கு முக்கியம். 6, 8, 10 என்று 24 மணிக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் மூன்றே எழுத்து: 'இ' அல்லது 'வ' எந்தப் பக்கம் என்று, 'ஈ' நனைந்திருந்தால், 'ம' மலம் போனால். பணிப்பெண்ணுக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் இடம், வலம் அம்பு போதும். மூன்று நாளில் எந்த மணிக்கு நனைகிறது என்று ஒழுங்கு தெரிந்துவிடும். பிறகு அந்த மணிக்குச் சற்று முன்னால் பார்க்கலாம். இரவு 2 மணிக் கட்டம் தொடர்ந்து காலியாக இருந்தால், யார் தூக்கம் கெடுகிறது என்று வீட்டில் பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே பக்கம் படுக்க வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வால் எலும்பைப் படம் எடுங்கள். பக்கத்தில் காகித அளவுகோல் ஒன்றை வையுங்கள். 50 சென் காசை வைக்காதீர்கள். 2012-ல் வந்த புதுக் காசு 22.65 மில்லிமீட்டர், பழையது அதைவிடப் பெரியது. எந்தக் காசு என்று பிறகு யாருக்கும் தெரியாது.